ஞாயிறு மதியத்தில் சௌமியா கேட்ட கேள்வி

எழுதி முடித்த கையோடு நான் தேடுகிற என் சாந்தாமணிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க வந்துவிட்டேன், பார். அதை விட்டால் கடிதத்தை எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. போன ஆடியில் போனவள் நீ. இன்னமும் ஒரு பத்தி எழுதினால், இது சாந்தாமணிக்குப் பிடிக்குமா என்றுதான் முதலில் தோன்றுகிறது. உனக்குப் பிடிக்காது என்று தெரிந்தே சில வரிகளை வேண்டுமென்று விட்டுவைக்கிறேன். திட்டுவதற்கு ஆள் இல்லை என்பது அப்புறம்தான் உறைக்கிறது.

இதை வேறு சிலரும் படிப்பார்கள். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். பொறுத்துக்கொள்.

நாம் சில பெண்கள், கோயமுத்தூரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆளுக்கொரு வலைப்பூ வைத்து எழுதுகிறவர்கள். சம்பளம், சொத்து, மாதவிடாய், மாமியார் என்று வீட்டில் பேச முடியாததையெல்லாம் எழுதினோம். எழுதியதை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ள 'ஞாயிறு மதியம்' என்று ஒரு வாட்ஸப் குழு. பிரியாணி தின்றுவிட்டு வீட்டு ஆண்கள் குறட்டை விடுகிற அந்த நேரம்தான் நமக்குச் சொந்தம் என்று நீதான் அந்தப் பெயரை வைத்தாய்.

விதியும் உன்னுடையதுதான். தான் எழுதியதைத் தானே பகிரக் கூடாது. இன்னொருத்தி படித்து, அதில் பிடித்த ஒரு பத்தியை எடுத்துப் போட்டு, கூடவே ஒரு கேள்வியும் கேட்டுப் பகிர வேண்டும். எழுதியவள் பதில் சொல்லியாக வேண்டும். 'அருமை', 'சூப்பர்', கைதட்டுகிற பொம்மை எதற்கும் அனுமதி இல்லை. "நம்முதை நாமே நீட்டறது, பந்தியில உக்கோந்துட்டு நம்ம எலைக்கு நாமே பரிமாறிக்கற மாதிரிங்க்கா. வாழ்நாள் பூராம் ஊருக்கே பரிமாறியாச்சு. ஒரு நாளைக்காவது நமக்கு இன்னொருத்தி பரிமாறட்டும்" என்றாய். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள் நான், எனக்குத் தமிழில் எழுத வருமா என்று தயங்கியபோது, "எழுதுங்க்கா, தப்பா எழுதினா ஜெயில்லயா போட்டுருவாங்க" என்றவளும் நீதான். என் எழுத்தைக் கடைசிவரை நீயே பகிர்ந்தாய். உன்னுடையதை நான்.

இப்போது செய்திக்கு வருகிறேன். நீ போனபிறகு நான் இரண்டு கட்டுரை எழுதினேன். ஞாயிறு வந்தது, போனது. குழுவில் என்னென்னவோ வந்தன, என்னுடையது மட்டும் வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. நான் வேலை பார்க்கிற பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்க ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, நம் எழுத்து அவ்வளவு மோசமாகிவிட்டதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மானத்தை விட்டு உடுமலைப்பேட்டைக்குப் போன் போட்டு நம் குழுவில் இருக்கிற ஜெசிந்தாவிடமே கேட்டேன். அவள் திகைத்துப்போனாள்.

"ஐயோ, அது சாந்தாமணி அக்கா செய்யறதாச்சேங்க. அவங்க எடத்துல நான் போயி எப்படிங்க உக்கார்றது" என்றாள்.

எல்லோரும் அப்படியே நினைத்திருக்கிறார்கள். எல்லோரும் படித்துமிருக்கிறார்கள். உன் இடத்தைக் காலியாக வைப்பதுதான் மரியாதை என்று ஆளாளுக்கு முடிவு கட்டி, என்னைப் பட்டினி போட்டிருக்கிறார்கள். மரியாதைக்குப் பேர்போன ஊராயிற்றே. போனை வைத்துவிட்டுச் சிரித்தேன், அப்புறம் அழுதேன். அதே மரியாதையில்தான் உன் எழுத்துகளையும் யாரும் தொடவில்லை, நானும் உட்பட.

இது நடந்து சில நாளில் உன் வீட்டுக்காரர் என் வீட்டுக்கு வந்தார். காந்திபுரத்தில் பம்புசெட்டு உதிரிபாகக் கடையைச் சாத்திவிட்டு நேராக வந்திருந்தார். வெறுங்கையோடு வரக்கூடாதென்று ஒரு பொட்டலம் தேங்காய் பன். டீயைக் குடித்து முடிக்கும்வரை மழையைப் பற்றியே பேசினார். நம் ஊர் ஆண்கள் பெரிய விஷயம் கேட்பதற்கு முன்னால் எப்போதும் மழையைப் பற்றித்தானே பேசுவார்கள்.

"ஏனுங்க்கா, சௌமியாவுக்கு ஒரு எடம் வந்திருக்குதுங்க. நல்ல குடும்பம். வருசம் திரும்பறதுக்குள்ள முடிச்சரலாம்னு இருக்கறனுங்க" என்றார்.

உன் மகளுக்கு வரன் என்றால் எனக்கும் சந்தோஷம்தானே. நல்ல சேதி என்றேன்.

"அவ எழுதினது நெறைய இருக்குமாட்ட இருக்குதுங்க. அதெல்லாம் இருக்கட்டுங்க, நான் ஒண்ணும் சொல்லலை. அந்த ஒண்ணை மட்டும் எடுத்துப்போட்டீங்கன்னா புண்ணியமாப் போகுங்க. மாப்பிள்ளை ஊட்டுல பார்த்துட்டாங்கன்னா..."

"எதுங்க?" என்றேன், தெரிந்துகொண்டே.

அவர் பன் பொட்டலத்தைப் பார்த்தபடி, "உங்களுக்குத் தெரியாதுங்களா" என்றார்.

"நீங்க படிச்சீங்களா?"

"படிக்கலீங்க. சொன்னாங்க."

உன் வலைப்பூவைத் திறந்து கொடுத்தது நான்தான் என்பதும், கடவுச்சொல் என்னிடம் இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். ஒரு சத்தமில்லை, ஒரு மிரட்டல் இல்லை. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுக் கேட்கிறவரிடம் முடியாது என்று சொல்வது எத்தனை கஷ்டம் என்று உனக்குத் தெரியும். அதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதியவள் நீ. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

அவர் போனதும் அந்தக் கட்டுரையை மறுபடி படித்தேன். 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்பதையே தலைப்பாக வைத்திருந்தாய். கல்யாணமாகி இரண்டு மூன்று வருடத்தில், விருந்தாளிகள் எதிரில் அவர் சொன்ன ஒரு கதையை நீ திருத்தினாய். அவர்கள் படியிறங்கியதும் அவர் உன்னை அறைந்தார். அந்த ஒரே அறை. மறுநாள் பூ வாங்கி வந்தார். இதில் எழுத என்ன இருக்கிறது என்றுதான் யாரும் கேட்பார்கள். நீ எழுதியிருந்தாய்:

"அடிக்கிற கைதான் அணைக்கும் என்கிறார்கள். அணைக்கும்போதும் அந்தக் கை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் அதற்குப் பிறகு என்னை அடிக்கவே இல்லை. நான் பார்ப்பதை நிறுத்தவும் இல்லை."

இதை எப்படி எடுப்பது, சாந்தாமணி? எடுக்காமல்தான் எப்படி இருப்பது? உன் பெண்ணின் கல்யாணம். அவளுக்குக் காய்ச்சல் என்றால் ஒரு வாரம் எழுதமாட்டாய் நீ. 'எடுத்துருங்க்கா, எழுத்தா பெருசு' என்று நீயே சொல்லியிருப்பாயோ என்று ஒரு நிமிடம் தோன்றும். அடுத்த நிமிடம், 'அதை எழுத எத்தனை வருசம் ஆச்சு தெரியுங்களா' என்று உன் குரலே கேட்கும். உன் எண்ணை எடுத்து, 'என்னடி செய்யட்டும்' என்று அடித்து அனுப்பியும் விட்டேன். ஒற்றை டிக்கோடு அது அப்படியே நிற்கிறது. அன்றைக்குத்தான் உன்னை நான் ரொம்பவும் தேடினேன். சாவு வீட்டில்கூட அப்படித் தேடவில்லை.

ஜெசிந்தாவிடம் சொன்னேன். அவள் செவிலியர், கட்டு பிரிப்பதுபோலத்தான் பேசுவாள். "எடுக்கறதுன்னா எல்லாத்தையும் எடுங்க. அந்த ஒண்ணை எடுத்துட்டு மீதியை வெச்சீங்கன்னா, அக்கா அடியே வாங்காத பொம்பளைன்னு ஆயிப்போகும். அது பொய்யிங்க" என்றாள். அப்புறம், "கல்யாணம் அந்தப் புள்ளைக்குத்தானுங்களே. அதுகிட்ட கேட்டீங்களா?" என்றாள்.

கேட்கவில்லை. அவள் அப்பாவும் கேட்கவில்லை. ஒரு பெண்ணின் கல்யாணத்துக்காக ஒரு பெண்ணின் எழுத்தை எடுப்பதைப் பற்றி, அந்தப் பெண்ணைத் தவிர எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் பீளமேட்டில் சௌமியாவின் ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். கழுத்தில் அடையாள அட்டையோடு வந்தாள். உன் நடை, அவர் மூக்கு. எதிரே ஜூஸ் கடையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். சாத்துக்குடி ஜூஸை அவள் தொடவே இல்லை.

"அப்பா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்க பெரியம்மா."

"உனக்கு அந்தக் கட்டுரை தெரியுமா, கண்ணு?"

"தெரியும். ஆனா பாதியில நிறுத்திட்டேன். அம்மா இருக்கறப்போ அதை முழுசாப் படிக்க முடியலை. படிச்சா அவங்க மூஞ்சியைப் பார்க்கணுமில்லீங்களா." அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் வைத்தாள். "நீங்க ஒண்ணும் எடுக்காதீங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் விடுங்க. என்னை உங்க குரூப்புல சேர்த்துப்போடுங்க."

அங்கேயே சேர்த்தேன்.

ஞாயிறு வந்தது. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். உன் கட்டுரையின் இணைப்பு குழுவில் வந்தது. நீ போனபிறகு உன் எழுத்தை யாரோ பகிர்வது அதுதான் முதல் தடவை. கீழே, கையைப் பார்த்துக்கொண்டே இருந்ததாக நீ எழுதிய அந்தப் பத்தி. அதற்கும் கீழே, விதிப்படி, கேள்வி.

"அம்மா, அன்னைக்கு நான் எங்கே இருந்தேன்?"

அந்த அறை விழுந்தபோது அவளுக்கு ஒன்றரை வயது இருந்திருக்கும். நீ எழுதிய புதிதில் அந்தக் கட்டுரையைப் பகிர்ந்தவள் நான். உன் மாமியார் என்ன சொன்னார், நீ ஏன் தாய்வீடு போகவில்லை, பூவை ஏன் வைத்துக்கொண்டாய் என்று குழுவே உன்னைக் கேட்டோம். நீயும் சளைக்காமல் பதில் சொன்னாய். குழந்தை எங்கே என்று ஒருத்தியும் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. மறந்தாயா, மறைத்தாயா? இப்போது யாரைப் போய்க் கேட்பது?

குழுவில் யாரும் ஒரு எழுத்துப் போடவில்லை. எழுதியவள்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. எல்லோர் வீட்டிலும் ஆண்கள் தூங்கிக்கொண்டிருக்க, நாங்கள் அத்தனை பேரும் உனக்காகக் காத்துக்கொண்டிருந்தோம்.

சௌமியா அதோடு விடவில்லை. கேள்வியை உன் வலைப்பூவிலும் கட்டுரையின் கீழ் போட்டாள். பிறகு போனை அவள் அப்பாவிடம் கொடுத்து, "படிங்கப்பா. படிச்சுட்டு எடுக்கச் சொல்றதுன்னா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாளாம். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டி, மெதுவாக, முழுவதும் படித்தாராம். படித்ததும் எழுந்து மாடிக்குப் போய்விட்டார் என்று எனக்குப் போன் செய்து சொன்னாள். அழுதாரா என்று கேட்டேன். "தெரியலீங்க பெரியம்மா. நான் பின்னாடி போகலை" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் உன் கட்டுரையின் கீழ் ஒரு பதில் இருந்தது. அவரே எழுதியது.

"என்ற எடது கையில இருந்தே கண்ணு. உன்னையக் கீழ எறக்கிக்கூட உடலை. அப்பா."

அதைப் படித்துவிட்டு நான் வேலைக்குப் போகவில்லை. குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டே மறு கையால் அறைந்த மனிதர், அதை இத்தனை வருடம் உள்ளேயே வைத்திருந்திருக்கிறார். ஒருவேளை நீ எழுதாமல் விட்டது இதைத்தான். மகளுக்குத் தெரிய வேண்டாம் என்று விட்டிருப்பாய்.

நம் குழுவில் ஒரு பெண் அவர் பதிலின் கீழ் 'பெரிய மனசு அண்ணா' என்று போட்டாள். நீக்கிவிட்டேன். கோபித்துக்கொண்டாள், கோபிக்கட்டும். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அது மன்னிப்பாகுமா? மன்னிக்க வேண்டியவள் நீ. உன் சார்பில் கையெழுத்துப் போட யாருக்கு உரிமை இருக்கிறது?

எடுக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். அந்த மாப்பிள்ளைப் பையனுக்குச் சௌமியா இணைப்பை அனுப்பிவிட்டாள், "படிச்சுட்டுப் பேசலாம்" என்று. இன்னும் பதில் வரவில்லை. அவள் நிம்மதியாகத்தான் இருக்கிறாள், அவர்தான் போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறார். இந்தக் கடிதம் எழுதப்போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். "எழுதுங்க்கா, பேரை மட்டும் மாத்திப்போடுங்க" என்றார். அவர் பெயர் இதில் எங்கும் இல்லை. சௌமியா தன் பெயரை மாற்ற வேண்டாமென்றாள். உன் பெயரை மாற்ற மட்டும் எனக்கு மனம் வரவில்லை. அப்புறம் அவர் பெயரை மறைத்து என்ன பிரயோசனம் என்று நீ கேட்பாய், கேள்.

ஒன்றுதான் ஆறவில்லை, சாந்தாமணி. நீ அந்த வலது கையையே பார்த்துக்கொண்டு வாழ்ந்துவிட்டுப் போய்விட்டாய். அவர் அவருடைய இடது கையை நினைத்துக்கொண்டு அதே வீட்டில் இருந்திருக்கிறார். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவர் இதை உன்னிடம் சொல்லியிருக்கலாம். மகள் கேட்டதற்குச் சொன்னவர் நீ இருக்கும்போது சொல்லவில்லை. நீ படிக்க வேண்டிய அந்த ஒரு வரி, நீ இல்லாத வீட்டில் வந்து சேர்ந்திருக்கிறது. இதை யாரிடம் சொல்லி ஆற்றிக்கொள்வேன்? உன்னிடம்தான் சொல்ல வேண்டும், நீதான் இல்லை.

அந்தக் கட்டுரையைச் சௌமியா கேட்டால் மட்டும், அவளோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்வேன். வேறு யார் எத்தனை 'ங்க' போட்டுக் கேட்டாலும் எடுக்கமாட்டேன். அவள் எந்த வீட்டுக்கு வாழப் போனாலும், போன மறு மாதம் நான் அங்கே போய், கூச்சப்படாமல், "இங்க உம்மேல யாராச்சும் கை வெச்சாங்களா கண்ணு?" என்று கேட்பேன். அவள் பதில் சொல்லும்வரை எழுந்திருக்கமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

சௌமியாவுக்குப் பெரியம்மா,
உனக்கு என்றைக்கும் அக்கா,
ரங்கநாயகி