கேட்டுக்கு வெளியே விழுந்தவனுக்கு

என் பிரியமான மாப்ள முத்தையா,

அங்கேயாவது வயிறாரச் சாப்பிடுகிறாயா? எடுத்த எடுப்பில் இதைக் கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. உன்னை நினைத்தால் உன் முகத்துக்கு முன்னால் அந்தப் பித்தளைத் தூக்குச்சட்டிதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக் கூடத்தில் உனக்கு அஞ்சலிக் கூட்டம். படம் வைத்து மாலை போடலாம் என்று பார்த்தால் உனக்குப் படமே கிடையாது. "நீ அவனைப் பத்தி நாலு வரி எழுதி வாசிப்பா" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். ஊருக்குப் பொதுவாக எழுத எனக்கு வராது. உனக்கே எழுதுகிறேன், அவர்கள் கேட்டுக்கொண்டு போகட்டும்.

யுத்தம் முடிந்தது என்று டீக்கடையில் மிட்டாய் கொடுத்தார்களே, நீ உன் மகள் செல்லிக்கும் ஒன்று கேட்டு வாங்கி மடியில் முடிந்துகொண்டாய். அந்த யுத்தம் முடிந்ததுதான் நமக்கு வினையாக வந்தது. பட்டாளத்துக்குத் துணி வேண்டாம் என்றதும் மில்லில் ராத்திரி ஷிப்டை நிறுத்தினார்கள். நீ ராத்திரி ஷிப்டில் இருந்தாய், நான் பகலில் இருந்தேன். நமக்குள் வேறு என்ன வித்தியாசம்? ஒரே வருஷம் மழை பொய்த்து, ஒரே வண்டியில்தானே உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்து சேர்ந்தோம்.

அதற்குப் பிறகு நீ பதிலி ஆள். காலைச் சங்கு ஊதுகிற நேரத்துக்கு மில் கேட்டில் வந்து நிற்க வேண்டும். உள்ளே எவனாவது வராமல் போனால், மேஸ்திரி விரலை நீட்டுகிற ஆள் அன்றைக்கு மட்டும் அவன் இடத்தில் வேலை பார்க்கலாம். மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம். எவனுக்காவது காய்ச்சல் வந்தால்தான் உனக்குச் சோறு என்று ஆகிவிட்டது. உனக்கோ யாருக்கும் காய்ச்சல் வரவேண்டும் என்று நினைக்கத் தெரியாது.

வேலைக்கு எடுத்தால் மத்தியானத்துக்கு வேண்டுமே என்று தினமும் தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவருவாய். எடுக்காத நாளில் மூடியைத் திறக்காமலே திரும்பக் கொண்டுபோய்ச் செல்லிக்குக் கொடுப்பாய். "குடிச்சுட்டுப் போய்யா" என்று நான் சத்தம் போட்டால், "உள்ள போனாத்தான் மச்சான் பசிக்கும்" என்று சிரிப்பாய். பாவி, அதையும் ஒரு பேச்சாக நம்பி நானும் சிரித்தேன்.

உன் மேல் எப்போதும் அடிக்கிற எண்ணெய் வாசமும் பஞ்சு வாசமும் கொஞ்ச நாளில் போய்விட்டன. செல்லிக்கு அது பெரிய குறை. உன் பழைய வேலைச் சட்டையை மூக்கோடு வைத்துக்கொண்டு தூங்கினாள். என் தங்கச்சி பேச்சி அதைத் துவைக்கவே இல்லை.

சித்திரை வெயில் காலையிலேயே ஏறிய ஒரு நாளில், சங்கு ஊதி முடிவதற்குள் நீ விழுந்தாய். நான் உள்ளே இருந்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தூக்குச்சட்டி மட்டும் கவிழாமல் கைக்குள்ளேயே இருந்தது. ஏதாவது உதவி கேட்கலாம் என்று ஆபீசுக்குப் போனோம். "கேட்டுக்கு வெளிய செத்தவனுக்கு நாங்க எப்படிப்பா பொறுப்பு?" என்றார்கள். இரண்டு எட்டு முன்னால் போய் விழுந்திருக்கக் கூடாதா, மாப்ள?

கருமாதிக்குத் தங்கச்சிக்குக் கோடிச்சேலை போட வேண்டியது அண்ணன் நான். துணிதான் ரேஷன் ஆயிற்றே. ஆயுசெல்லாம் நூல் நூற்ற எனக்கு, தாலியறுத்தவளுக்குப் போர்த்த ஒரு சேலை கிடைக்கவில்லை. கார்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்று, கடைசியில் சாயம் ஏறாத முரட்டுக் காடாத் துணிதான் வாங்கிவந்தேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பேச்சி அதை வாங்கி உடுத்திக்கொண்டாள்.

மறுநாள் விடிவதற்கு முன்னால் அந்தச் சேலையோடு தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நம் வழக்கப்படி மூன்று மாதம் மூலையில் இருக்க வேண்டியவள். பெரியப்பா வாசலை மறித்தார். "ஈரம் காயல, அதுக்குள்ள ஊர் மூஞ்சியில முழிக்கப் போறியா? நம்ம சாதி சனம் காறித் துப்பாதா?"

"துப்பட்டும் பெரியப்பா. எம்புள்ளைக்குக் கஞ்சிய யாரு ஊத்துவா, சாதி சனமா?"

கல்யாணத்துக்கு முன்னால் அவள் மில்லில் ரீலிங்கில் கழி கட்டியவள்தானே, நூலைச் சுற்றிக் கட்டுகிற அந்த வேலை கை மறக்கவில்லை. நேரே கேட்டுக்குப் போய், நீ நின்ற இடத்திலேயே நின்றாள்.

நம் ஆட்களின் லட்சணத்தைக் கேள். அத்தனை பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வேலை கிடைக்குமா என்று சாமியைக் கும்பிட்டுவிட்டு வருகிற நேரத்தில் தாலியறுத்தவள் எதிரே நின்றால் எப்படி? ஒருத்தன் வாய்விட்டே சொன்னான். "விடியாத மூஞ்சி வந்து நிக்குது. இன்னைக்கு ஒருத்தனுக்கும் வேலை கெடச்ச மாதிரிதான்."

பேச்சி அவனை நேராகப் பார்த்தாள். "அண்ணே, எங்கூட்டுக்காரரு இங்ஙன நின்ன நாள்ல எந்த அறுத்தவளும் எதுக்க வரலயே. அவருக்கு வேலை குடுத்தாகளாண்ணே?"

அவன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

ஆனால் மேஸ்திரி அசையவில்லை. அன்றைக்கும் எடுக்கவில்லை, அடுத்தடுத்த நாளும் எடுக்கவில்லை. "ஒந் தங்கச்சிய வீட்டுல உக்கார வையி. இல்லேன்னா அவளுக்குத் துணையா நீயும் வெளிய நிப்ப" என்று என்னிடம் சொன்னான். நான் உள்ளே போகும்போதெல்லாம் அவளைக் கடந்துதான் போனேன். கஞ்சி திறக்காமல் வீட்டுக்குத் திரும்பியது. இவளும் இப்படியே விழுந்துவிடுவாளோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை நடந்ததுதான் உனக்குச் சொல்ல வேண்டிய சேதி. ரீலிங் சீனியம்மாவைத் தெரியுமல்லவா, கையை நீட்டினால் வாயும் நீளுகிறவள் என்று நீ கிண்டல் பண்ணுவாயே, அவள்தான். கேட்டுக்குள் ஒரு காலை வைத்தவள் அப்படியே நின்றாள்.

"மேஸ்திரி, எனக்கு வயித்து வலி. நான் வீட்டுக்குப் போறேன்."

"என்ன நக்கலா? இப்பத்தான் நல்லா நடந்து வந்த?"

"வலின்னா வலிதான். நீங்க என்ன உள்ள பூந்தா பாக்கப் போறீக? எடம் காலியா கெடக்கு, கழி கட்டத் தெரிஞ்சவ இந்தா நிக்கிறா."

வேறு வழி இல்லை. சங்கு ஊதிவிட்டது, பெண்கள் பக்கம் வேலை தெரிந்த பதிலி அவள் ஒருத்திதான். மேஸ்திரி வேண்டாவெறுப்பாக விரலை நீட்டினான். சீனியம்மா தன் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். அவள் வீட்டிலும் அடுப்பு தினமும் எரிகிறதா என்ன? மறுநாள் இன்னொருத்திக்குத் தலைவலி வந்தது.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் நான்தான் பேச்சியை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். தூக்குச்சட்டி காலியாக இருந்தது, உள்ளே உட்கார்ந்து குடித்திருக்கிறாள். செல்லி ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, அந்தக் காடாச் சேலையில் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தாள். அப்புறம் தலையைத் தூக்கி, "அம்மா, அப்பா வந்துருச்சா?" என்றாள்.

உன்னைச் சுடுகாட்டில் வைத்த அன்றுகூட அழாத பேச்சி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நானும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். நீ இருந்திருந்தால் எங்களை எப்படியாவது சிரிக்க வைத்திருப்பாய்.

மாப்ள, நீ நின்ற இடத்தில் இப்போது திருமங்கலத்துக்காரன் ஒருத்தன் நிற்கிறான். அவன் கையிலும் ஒரு தூக்குச்சட்டி இருக்கிறது. அவனும் அதைத் திறக்காமல் கொண்டுபோகிறான்.

இதைக் கூட்டத்தில் வாசித்தால் மேஸ்திரி காதுக்குப் போகும். போகட்டும். திங்கட்கிழமை காலையில் சங்கு ஊதும்போது எனக்கு வயிற்று வலி வரும், மாப்ள. சத்தியமாக வரும்.

பேச்சிக்கு அண்ணன், செல்லிக்குத் தாய்மாமன்,
என்றைக்கும் உனக்கு மச்சான்,
பெரியகருப்பன்