முப்பத்தோராம் நாள் நோட்டீஸ்

செவ்வாய்க்கிழமை இரவு, கோலியர்ஸ் வுட்

தம்பியின் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு அடித்த நோட்டீசைப் பெரியப்பாவின் மகன் சிவம் அண்ணை இன்று கொண்டுவந்தார். 'காலமானார்' என்று மட்டும் போடச் சொல்லியிருந்தேன். அவரோ 'துணைப்படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்' என்று போட்டு, அதற்குக் கீழே ஊரில் அம்மா இருக்கும் வீட்டு விலாசத்தையும் போட்டிருக்கிறார்.

"என்ன அண்ணை இது?"

"பேச்சுவார்த்தை நடக்கேக்கை உலகத்துக்குத் தெரியவேணும் தங்கச்சி. ஆமியோடை சேர்ந்து நிக்கிற அப்பிடி ஒரு படையே இல்லையெண்டு அரசாங்கம் சொல்லுது. இயக்கம் அதாலை பேச்சை விட்டு எழும்பிப் போகப் பாக்குது."

"அந்த இல்லாத படை அம்மாவின்ரை வீட்டுப் படலைக்கு முன்னாலை நிண்டுதான் தேத்தண்ணி குடிக்குது. இதை அங்கை கொண்டுபோய் நீங்களே ஒட்டுங்கோவன்."

"உனக்கு விளங்காது. இது அரசியல்."

எனக்கு விளங்காதாம். தம்பியைக் கொன்றவர்களின் முகத்தில் அம்மா தினமும் முழிக்கிறா. இங்கே வெளிநாட்டில் தமிழ்க் கடைகளில் வைக்கும் நோட்டீஸ் ஒரு கிழமைக்குள் ஊருக்குப் போய்விடும். அதை அவர் யோசித்தாரா?

அவர் போனபின் கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொன்றிலும் அடிப்பாகத்தை வெட்டத் தொடங்கினேன். விலாசத்தோடு அந்த வரியும் போகிறது. மேலே தம்பியின் படமும் பெயரும்தான் மிச்சம். பார்க்கிறவர்கள் அவன் காய்ச்சலில் போனான் என்று நினைப்பார்கள்.

அப்படி ஒரு படை இல்லை என்று நானும் சொன்னமாதிரி ஆகிவிட்டது.

இன்னும் அரைவாசி கிடக்கிறது. கை நோகிறது.