நூறு மில்லி பாட்டில் நான்கு

சம்பந்தியம்மா,

நாளை மறுநாள் மறுபடியும் விமானம் ஏறுகிறேன். உங்கள் மருமகளுக்கு, அதாவது என் மகளுக்கு, இரண்டாவது பிரசவம். பீரோவின் மேல்தட்டிலிருந்து பயணச் சாமான்களை இறக்கும்போது பழைய ஜிப் கவர் ஒன்று கையோடு வந்தது. உள்ளே நான்கு காலி பாட்டில்கள். ஒன்றின் மூடியைத் திருகினேனோ இல்லையோ, உங்கள் முட்டித் தைலத்தின் வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. அதற்கு அடியில் லேசாகச் சுக்கும் வெல்லமும். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. துக்கத்துக்கு ஒரத்தநாடு வந்தபோதுகூட நான் இப்படி அழவில்லை.

உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன்னால், நான் எப்படிப்பட்டவள் என்பதையும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் என் வாயால் வரட்டும்.

முதல் பேரன் பிறக்கப்போகிறான் என்று நாம் இருவரும் கனடா கிளம்பினோமே, அதற்கு இரண்டு வாரம் முன்பு எனக்கு போன் செய்தீர்கள். கையில் கொண்டுபோகும் பையில் தண்ணீராக இருக்கிற எதுவும் நூறு மில்லிக்கு மேல் கூடாதாம், மகன் எழுதி அனுப்பியிருக்கிறான், சின்ன பாட்டிலாகச் சேர்த்து வைத்திருக்கிறேன், உங்களுக்கும் இரண்டு வேண்டுமா என்று கேட்டீர்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? எங்கள் வீட்டில் பாட்டிலுக்கு ஒன்றும் பஞ்சமில்லை என்றேன். இருபத்தெட்டு வருஷம் திருத்துறைப்பூண்டியில் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு, வயலும் மாடுமாக இருக்கிற ஒருத்தி மில்லி கணக்கு சொல்லிக்கொடுப்பதா? அந்த எண்ணம்தான். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

லேகியத்தைப் பெரிய பெட்டியில் போடுங்கள் என்று மாப்பிள்ளையும் படித்துப் படித்துச் சொன்னார். நான் கேட்டால்தானே! எதிர்வீட்டுக்காரர் பெட்டி வேறு ஏதோ ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்த கதையை நான் பார்த்திருக்கிறேன். புடவையும் ஸ்வெட்டரும் தொலைந்தால் தொலையட்டும். இரண்டு நாள் உட்கார்ந்து சுக்கும் திப்பிலியும் சித்தரத்தையும் இடித்துச் சலித்து, நெய் பிரியப் பிரியக் கிளறிய பிரசவ லேகியத்தை எவன் கையிலோ கொடுப்பேனா? முழுசாக ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய அடைத்து, கைப்பையில் துண்டு சுற்றி வைத்துக்கொண்டேன். அதற்குள் பேரன் அவசரப்பட்டுப் பத்து நாள் முன்னதாகவே பிறந்துவிட்டான். ஆபரேஷன். பெண் அங்கே தனியாகக் கிடக்கிறாள் என்ற பதைப்பில் எனக்கு எந்தச் சட்டமும் காதில் ஏறவில்லை.

திருச்சி விமான நிலையத்தில் பெரிய பெட்டிகளை எடைபோட்டு உள்ளே அனுப்பிவிட்டார்கள். பாதுகாப்புச் சோதனையில் என் பை மட்டும் தனியாக ஒதுங்கியது. அந்தப் பெண் காவலருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். பாட்டிலை எடுத்துப் பார்த்துவிட்டு, இது போகாதும்மா என்றாள். இது தண்ணி இல்லை, லேகியம் என்றேன். பேஸ்ட்டும் லிக்விட் கணக்குதாம்மா என்றாள். எனக்கு வந்ததே கோபம். மூடியைத் திறந்து, அத்தனை பேருக்கும் நடுவில் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினேன். ஒரு சொட்டு விழவில்லை. வகுப்பில் கணக்கை நிரூபித்துவிட்டவள் மாதிரி அவளைப் பார்த்தேன். அவள் கோபப்படவே இல்லை, பாவம். நல்ல கெட்டியாத்தான் கிளறியிருக்கீங்க, ஆனா விட முடியாதும்மா, பின்னால் ஆள் நிற்கிறார்கள் என்று தணிவாகச் சொன்னாள். பெட்டியோடு அனுப்பிவிடட்டுமா என்று கேட்டேன். பெட்டிதான் போய்விட்டதே. பக்கத்தில் இருந்த தொட்டியைக் காட்டினாள். அதில் தண்ணீர் பாட்டிலும் ஊறுகாயும் கிடந்தன.

அதுவரை எனக்குப் பின்னால் நின்ற நீங்கள், அந்தப் பெண்ணிடம் கால் மணி நேரம் கொடும்மா என்று கேட்டீர்கள். என் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போய்ப் பெஞ்சில் உட்காரவைத்தீர்கள். உங்கள் ஜிப் கவரைத் திறந்தீர்கள். நான்கு பாட்டில், நான்கிலும் கழுத்துவரை தைலம். குளிர் ஊரில் முட்டி மடங்காது என்று வைத்தியரிடம் சொல்லி வைத்துக் காய்ச்சி வாங்கியது. நான் தடுப்பதற்குள் அதை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனீர்கள். திரும்பி வரும்போது பாட்டில்கள் காலி. சோப்புப் போட்டுக் கழுவி, முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தீர்கள்.

"உங்க முட்டிக்கு என்ன செய்வீங்க?" என்றேன்.

"அது முப்பது வருஷமா வலிக்குது, இன்னும் கொஞ்சம் வலிக்கட்டும். பச்சை உடம்புக்காரி அங்க காத்துக்கிட்டு இருக்கா. உருட்டுங்க சீக்கிரம்."

சின்ன வாய், கெட்டி லேகியம். தயிர்சாதத்துக்கு வைத்திருந்த ஸ்பூன் உதவவில்லை. விளக்குத்திரி மாதிரி உள்ளங்கையில் உருட்டி உருட்டி நான் கொடுக்க, நீங்கள் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினீர்கள். நான்கும் நிறைந்த பிறகும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் மிச்சம் இருந்தது. அதை வழித்து என் கையில் ஓர் உருண்டை வைத்தீர்கள். "நீங்களும் ஒரு வாய் போடுங்க சம்பந்தியம்மா. நாம பெத்தப்ப யாரு நமக்கு ஒழுங்கா குடுத்தா?" அறுபது வயதைத் தாண்டிய இரண்டு பேர் விமான நிலையத்தில் உட்கார்ந்து பிரசவ லேகியம் தின்றோம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அந்தப் பெண் காவலர் நான்கு பாட்டிலையும் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள்.

இதுவரை எல்லாம் நல்ல கதை. இதற்குப் பிறகுதான் நான் செய்தது.

மகள் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக லேகியத்தை எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றினேன். காலி பாட்டில்களை ஜிப் கவரோடு என் பெட்டிக்குள் மறைத்துவிட்டேன். எறும்பு வரும் என்று சொல்லிக்கொண்டேன். பனி கொட்டுகிற ஊரில் எறும்பு எங்கிருந்து வரும்? மாப்பிள்ளை எழுதி அனுப்பியும் கேட்காமல் மாட்டிக்கொண்டேன் என்பது அவருக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். முதல் உருண்டையை வாயில் போட்டதும் மகள் முகத்தைச் சுளித்து, என்னம்மா இது, தைலம் மாதிரி வாசனை என்றாள். சித்தரத்தை கொஞ்சம் கூடிப்போச்சு என்றேன். நீங்கள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். சிரிப்பில் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

நான்காம் நாள் உங்களுக்கு மாடிப்படி ஏற முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடுப்படியில் நின்றுவிட்டீர்கள். தைலம் எங்கே என்று மாப்பிள்ளை கேட்டார். கிளம்பற அவசரத்துல மேசை மேலேயே வெச்சுட்டேன்டா என்றீர்கள். அவருக்கு உங்கள் வலியைப் பார்க்கப் பொறுக்கவில்லை, அது கோபமாக வந்தது. "அத்தையப் பாரும்மா, லேகியம் எவ்வளவு ஞாபகமா கொண்டு வந்திருக்காங்க. உனக்கு உன் மருந்துகூடவா ஞாபகம் இருக்காது?" என்று எல்லார் எதிரிலும் சத்தம் போட்டார். நான் அங்கேதான் இருந்தேன். கையில் அந்த டப்பாவே இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

கடையில் வாங்கிவந்த களிம்பு எதுவும் உங்களுக்குக் கேட்கவில்லை. தினமும் சாயங்காலம் உப்பை வறுத்துத் துணியில் கட்டி உங்கள் முட்டிக்கு ஒத்தடம் கொடுத்தேன். மாப்பிள்ளை வீட்டுக்காரிக்குப் பெண் வீட்டுக்காரி கால் பிடிக்கிறாள் என்று ஊரில் சொன்னால் நம்புவார்களா என்று கேலி செய்தீர்கள். ஒரு நாள் மனசு கேட்காமல், மாப்பிள்ளையிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன்.

"விடுங்க. பெத்தவளைத் திட்டறான், நாளைக்கே மறந்துருவான். உங்க முகம் வாடினா மருமக மனசு கஷ்டப்படும், பிள்ளைக்குப் பால் குடுக்கறவ."

நீங்கள் சொன்னதை எனக்கு வசதியாகப் பிடித்துக்கொண்டேன். அந்தக் குளிர்காலம் முழுக்க நீங்கள் பிடித்துப் பிடித்து நடந்தீர்கள். ஊர் திரும்பிய பிறகும் நாலு வருஷம் இருந்தீர்கள். நடவு, அறுப்பு, பொங்கல் என்று எத்தனை முறை சந்தித்தோம். நானும் சொல்லவில்லை, நீங்களும் ஒரு தடவைகூட எடுக்கவில்லை.

பாட்டிலை முகர்ந்த அன்றே மாப்பிள்ளைக்கு போன் செய்தேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன். ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டியது, எறும்பு, சித்தரத்தை எல்லாம். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ மெதுவாகக் கேட்டார்: "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் அம்மாவ அப்படி பேசினேனே அத்தை. அவங்க ஏன் ஒண்ணுமே சொல்லல?"

எனக்காகத்தான் மாப்பிள்ளை என்றேன். அவர் அழுதார். நானும் அழுதேன். சொல்லியிருக்க வேண்டியது நீங்கள் இருந்தபோது. உங்கள் முட்டியைப் பிடித்துவிட அவருக்கு ஒரு குளிர்காலம் முழுக்க இருந்தது. அதை நான்தான் தட்டிப் பறித்துவிட்டேன் சம்பந்தியம்மா. இதற்கு மன்னிப்புக் கேட்க உங்கள் முகம் எனக்கு வேண்டும், அது இல்லை.

போனை வைக்கும் முன், அந்த பாட்டில் இன்னும் இருக்கா அத்தை என்று கேட்டார். இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்றேன்.

நேற்று பஸ் ஏறி ஒரத்தநாடு போய் வந்தேன். பெயரைச் சொன்னதுமே வைத்தியருக்கு உங்களை நினைவு வந்துவிட்டது. காய்ச்சி வைத்திருந்த தைலத்தையே கொடுத்தார். நான்கு பாட்டிலிலும் கழுத்துவரை ஊற்றி, மூடியை இறுக்கி, அதே ஜிப் கவரில் போட்டு என் கைப்பையில் வைத்துவிட்டேன்.

லேகியம் இந்த முறை பெரிய பெட்டியில் போகிறது. பெட்டி தொலைந்தால் அங்கேயே அடுப்பை மூட்டி இன்னொரு தரம் கிளறிக்கொள்வேன். தைலத்தை மட்டும் நான் வழியில் யார் கையிலும் கொடுப்பதாக இல்லை.