ஆமையின் விளக்கு

அன்பு மகளுக்கு,

ஆமை உயிரோடுதான் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பதறாதே.

பத்து நாளாகச் சரியாகத் தின்னவில்லை. ஓட்டின் ஓரத்தைத் தொட்டால் விரலுக்கு அமுங்கியது. நீ சொல்லிவிட்டுப் போன வைட்டமின் பொடியை ஒரு தடவைகூடத் தவறாமல் கீரையில் தூவிவந்தவன் நான். பயந்துபோய் இரண்டு மடங்காகத் தூவினேன். கால்நடை டாக்டரம்மா கடிந்துகொண்டார்.

"பொடியை அள்ளிக் கொட்டினா ஆச்சா சார்? புற ஊதா வெளிச்சம் இல்லாம ஓடு இறுகாது. தொட்டி மேல இருக்கிற பல்பை எப்ப மாத்தினீங்க?"

"அது நல்லா எரியுதேம்மா" என்றேன்.

"எரியும். நம்ம கண்ணுக்கு வெளிச்சம் தெரியும். ஆமைக்கு வேண்டிய கதிர் ஒரு வருஷத்துல தீந்துபோயிடும்."

வீட்டுக்கு வந்து பல்பைக் கழற்றினேன். அடியில் உன் கையெழுத்தில், அதை மாட்டிய தேதி. நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதற்கு முந்தின வாரம். இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. அன்று வாசலில் நின்று நான் சொன்னதை இங்கே எழுதக் கை வரவில்லை. மாதம் ஒருமுறை போனில் "நல்லா இருக்கேம்ப்பா" என்கிறாய். அதுவே போதும் என்று நானும் இருந்துவிட்டேன்.

புது பல்பு மாட்டியாயிற்று. ஆமை அதன் கீழே கழுத்தை நீட்டிக் கிடக்கிறது. தேதி மட்டும் இன்னும் எழுதவில்லை. என் கையெழுத்துதான் உனக்குத் தெரியுமே, கோழி கிளறியது போல இருக்கும். நீ வந்து எழுதலாம் என்று பேனாவைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

ஓய்ந்துபோன
உன் அப்பா