பாத்திஹா ஓதிப் பங்கிட்ட மேயர் கதிரை

என் ஆசை வாப்பா, அல்லாஹ் உங்கள் கப்றை விசாலமாக்கட்டும்.

நம் மாநகர சபையின் காலம் முடிந்து இப்போது மேயர் இல்லை. ஆணையாளர்தான் எல்லாவற்றுக்கும் கையெழுத்து வைக்கிறார். கடற்கரை வீதிக் குப்பையைப் பற்றி முறையிடப் போனேன். மண்டபச் சுவரில் மேயர்களின் படங்கள் வரிசையாக இருக்கின்றன. கடைசிப் படம் உம்மாவின் தம்பி, நம் மாமாவுடையது. அதற்குப் பக்கத்தில் உங்கள் கூட்டாளி மாஸ்டரின் படம் வந்திருக்க வேண்டும்.

நம் வீட்டு முன்னறையில்தானே மேயர் பதவியைப் பங்கிட்டுப் பேசி முடித்தீர்கள்? முதல் இரண்டு வருடம் மாமா, அடுத்த இரண்டு வருடம் பக்கத்து ஊர் மாஸ்டர். நான் பிளேன்டீ கொண்டுவந்து நின்றேன்.

"ஒரு தாளில எழுதி வெப்பமே" என்றார் மாஸ்டர்.

"பாத்திஹா ஓதின கதைக்கு எழுத்து என்னத்துக்கு மாஸ்டர்? சாட்சிக்கு நான் இரிக்கன்தானே" என்றீர்கள். வாக்கை உறுதிப்படுத்த மூன்று பேரும் கையேந்தி, குர்ஆனின் அந்த முதல் சூராவை ஓதினீர்கள்.

அடுத்த வருடமே மௌத்தாகிவிட்டீர்கள். தவணை வந்ததும் மாமா, "அப்படி ஒரு கதையே நடக்கல்ல" என்று சாதித்தார். மாஸ்டர் நம் வாசலுக்கு வந்தார்.

"மகள், நீங்க அண்டைக்கு நிண்டீங்கதானே?"

உம்மா என்னை முறைத்துப் பார்த்தா. "எனக்கு ஞாபகமில்ல" என்றேன். பச்சைப் பொய் வாப்பா. "சரி மகள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதோடு இரண்டு ஊரும் முகம் பார்ப்பதில்லை. உங்கள் நினைவாக வருடாவருடம் ஓதும் கத்தத்துக்குக்கூட அவர் வரவில்லை. நீங்கள்தான் ஏமாற்றினீர்கள் என்று நினைத்திருப்பாரோ?

இப்போது தேர்தல் வருகிறது. நேற்று மாமா வந்து கூசாமல் கேட்கிறார்: "புள்ள, இந்த முறையும் பாதி பாதிதான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு இன்னொரு ஊர் ஆக்கள் வருவாங்க. ஒங்கட முன்னறையில ஓதுவம். மச்சான்ட ஊடெண்டா நம்புவாங்க."

உங்கள் பேரை வைத்து இன்னொருவரையும் ஏமாற்றப் பார்க்கிறார். வேண்டாம் என்றால் வேறு வீட்டில் ஓதுவார்கள். அதனால், "ஓம் மாமா, வரச் சொல்லுங்க" என்றேன்.

அதற்கு முன் நாளைக் காலையில் மாஸ்டரின் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லி மாப்புக் கேட்பேன். மன்னிப்பாரா, தெரியவில்லை. வெள்ளிக்கிழமை அவர்கள் கையேந்த முன், மாமா செய்ததையும் நான் செய்ததையும் எல்லோர் முன்னிலையிலும் சொல்வேன். உம்மா என்னோடு கதைக்காமல் விடுவா. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. உங்களுக்குத் தருகிற வாக்கு இது வாப்பா. ஓத வேண்டாம், எழுதியே தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாக்குக்குச் சாட்சியாக அன்று வாய் திறக்காத
மூத்த மகள்