திரை இல்லாத பலகையில் ஒரு நத்தார் அட்டை

இன்று காலை பேனையின் தேய்ந்த முனையைக் கழற்றிப் புதியதைப் போட்டேன். மை ஊற்றும் பேனை அல்ல. கணினியில் படம் கீறும் டெப்லட்டோடு வந்தது. சின்ன உறையில் கிடந்த மாற்று முனைகளைக் கண்டதும் நீ நினைவில் வந்து நின்றாய். கொன்வென்டில் படிக்கும்போது உன் பேனை முனை வளைந்தால் என் பெட்டிக்குள் கையை விடுவது உன் பழக்கம்.

படிப்பு முடிந்து, இருவரும் கல்யாணம் முடித்து, நான் விதவையான பிறகும் நம் வழக்கம் ஒன்று நிற்கவில்லை. என் நோன்புப் பெருநாளுக்கு நீ கையால் கீறி ஒரு வாழ்த்து அட்டை அனுப்புவாய். யேசு பிறந்த உன் நத்தாருக்கு நான். நீ பிறையை எப்போதும் கடலுக்கு மேல் வைப்பாய். "நம்மட ஊரில பெருநாள் பிறை மேற்கால வயல் பக்கந்தான் தெரியும். கடல் பக்கம் நிக்கிறது தேய்பிறை" என்று திருத்துவேன். "வயலுக்கு மேல கீறினாலும் நீ பிழை பிடிப்பாய் புள்ள" என்பாய்.

நீ கண்மூடிய பின் வந்த முதல் நத்தாருக்கு உன் மகளுக்கு நான் அட்டை அனுப்பவில்லை. நீ இருக்கும்போதே தொடங்கிய கை நடுக்கம் கூடியிருந்தது. கோடு கோணிய தாள்களையெல்லாம் கிழித்துவிட்டு, காய்ச்சல் என்று பொய் சொன்னேன். இந்த வருடம் அவள் முன்கூட்டியே கேட்டுவிட்டாள்: "அன்ரி, இந்த நத்தாருக்கும் காய்ச்சல் வருமா?" இம்முறையும் தவறினால் நம் வழக்கம் என்னாலேயே முடிந்துபோகும்.

கணினியில் பிழைக் கோட்டைத் தடயமின்றி அழிக்கலாம் என்று கேள்விப்பட்டுக் கல்முனையில் ஒரு கடைக்குப் போனேன். திரையோடு இருக்கும் விலை கூடியதையே கேட்டேன். கடைக்காரப் பெண் சிரித்தாள்.

"எத்தின நாளைக்கு ஒருக்காக் கீறுவீங்க உம்மா?"

"வருசத்துக்கு ரெண்டு மூணு தரம்."

"அப்ப இந்தச் சின்னது காணும். பேனைக்கு பெட்டரியும் வேணாம். ஆனா பலகையில ஒண்டும் தெரியாது. கம்பியூட்டரப் பாத்துக்கொண்டு கீற வேணும். பழக ஒரு கிழமையாவது எடுக்கும்."

கையைப் பார்க்காமல் கீறுவதா என்று முறைத்தபடியே பேனையைப் பிடித்தேன். கோடு நினைத்த இடத்துக்குப் போனது.

"எங்க பழகின நீங்க?"

"கொன்வென்டில."

"அந்தக் காலத்திலயே கம்பியூட்டர் இருந்ததா?"

மௌன வாசிப்பு நேரத்தில் சிஸ்டரைப் பார்த்தபடியே மடியில் கொப்பி வைத்து நாம் கீறிய கொய்யாமரத்தை அவளுக்கு எப்படிச் சொல்வது? "கண்ண மேல வை புள்ள, கை தன்ட பாட்டில போகும்" என்று கிசுகிசுத்தது நீதானே. சின்னதையே வாங்கினேன்.

கோட்டின் நடுக்கத்தைக் குறைக்கும் வசதியும் அதில் உண்டு. முழுவதும் கூட்டிப் பார்த்தேன். அச்சகத்தில் அடித்ததுபோல் இருந்தது. அதைப் பாதிக்குக் குறைத்து, உன் மாதா கோயில் மணிக்கோபுரத்தைக் கீறி உன் மகளுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

"வடிவா இருக்கு அன்ரி. மணிக்கயிறு ஆடுது, காத்தா?"

"இல்ல மகள், அது என்ட கை." அதை ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "அம்மாக்கும் கடைசி வருசங்கள்ல கை நடுங்கினது. உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவ."

வாசித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். நீ எனக்கு ஒளித்தாய், நான் உனக்கு ஒளித்தேன். இனி ஒளிக்க ஒன்றுமில்லை. இந்த நடுங்கும் கையால் உன் பங்கையும் சேர்த்து நான்தான் கீற வேண்டும்.