எந்த நாட்டான்

1943 ஆகஸ்ட் 11, புதன் இரவு.

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்த பிறகு, தானா ராத்தாவில் அவன் ஆபீசில் கிராணி வேலைக்கு, அதாவது கணக்கெழுத, ஆள் எடுத்தார்கள். அந்த வேலை கிடைத்தால் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துப் போக மாட்டார்கள். அதற்காகத்தான் போனேன்.

"நீ எந்த நாட்டான்?" என்று அதிகாரி கேட்டான். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை காலத்தில் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில் வாயில் வந்துவிட்டது: "பிரிட்டிஷ் பிரஜை." வேலை போனதோடு, அவன் அறைந்ததில் இடது காது இன்னும் இரைகிறது.

மனைவி மேரி ஒத்தடம் கொடுத்தபடியே கேட்டாள்: "இந்தத் தோட்டத்து லயத்து வீட்லதானே பொறந்தீங்க? அதச் சொல்லியிருக்கலாம்லா?"

"லயமெல்லாம் ஒரு நாடாடி?" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அழுதுகொண்டே தூங்கிவிட்டாள்.

நாளைக் காலை ஆள் பிடிக்க சயாம் லோரி வருகிறதாம். அதில் ஏற்றும்போது நாட்டை யாரும் கேட்பதில்லை.